முப்பத்திரண்டாவது பை

தம்பி,

இங்கே நானும் உங்கம்மாவும் நன்றாக இருக்கிறோம். ஆடு இரண்டும் நன்றாக இருக்கின்றன. வண்டிக்கு மட்டும் காலையில் எழுப்பினால் கொஞ்சம் இருமல், ஓடத் தொடங்கினால் சரியாகிவிடுகிறது, உன் அப்பனைப் போல. ஓசூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க மாட்டேன். போன வாரம் வீடியோ காலில் உன் கன்னத்தைப் பார்த்தேன். கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுத்த ஆள் வேறு, இப்போது இருக்கிற ஆள் வேறு. தையல்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வை.

அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ முழிப்பது எனக்குத் தெரிகிறது. ஏழாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லோடு இறக்கின சீட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனா பிடித்து எத்தனை வருஷமோ ஆகிறது. ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினால் நீ “மீட்டிங்குப்பா, அப்புறம் கூப்புடுறேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், திரும்ப எடுத்தால் விட்ட இடத்திலிருந்து பேசும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் பிழை எத்தனையை நான் பொறுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். “அப்பா, மண்டபத்துல அம்மா குரூப்பு கும்மி ஆடுறதெல்லாம் வேணாம்ப்பா. ஆபீஸ்லேர்ந்து மேனேஜர் எல்லாம் வர்றாரு. ஆலத்தியூர்ல பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க. எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுட்டான்னா வேற வெனையே வேணாம்” என்று சொன்னாய். நீ வைத்ததும் உங்கம்மா அடுப்படியிலிருந்து, “என்னங்க சொன்னான்?” என்று கேட்டாள். “புள்ளைக்குப் பசிக்குதாம்” என்றேன். “பகல் பதினோரு மணிக்கு என்ன பசி அவனுக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே வெங்காயத்தை நறுக்கினாள். கால் மட்டும் தரையில் தாளம் போட்டபடியே இருந்தது. அடுத்த மாதம் உன் கல்யாணத்தில் ஆடப்போகிற ஆட்டத்துக்கான தாளம் அது. அந்தக் காலை நிறுத்தச் சொல்லி நீ என்னிடம் கேட்டிருக்கிறாய். ஒரு தடவை நான் அதை நிறுத்தியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கும்மி எப்படி ஆரம்பித்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ ஓசூருக்குப் போனபிறகு நடந்ததெல்லாம் உனக்கு வாட்சப்பில் வந்த அரை நிமிஷ வீடியோதான். தை மாதம் மக்காச்சோளம் அறுத்து, மெஷினில் அடித்து, ஊராட்சி உலர்களத்தில் கொண்டுவந்து கொட்டுவோம். கொட்டினால் ஆயிற்றா? மணிக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். கையால் இல்லை, காலால். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைச் சோளமணிக்குள்ளே நுழைத்து, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டும். ஒரு பொம்பளைக்கு ஒரு வரி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வெயில் உச்சந்தலையில் தோசை வார்த்துவிடும். அந்த அலுப்புக்குத்தான் அஞ்சலை பாட ஆரம்பித்தாள். அதே அஞ்சலை அத்தைதான், நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது உன் டவுசரை அவிழ்த்துவிட்டு ஓடவிடுவாளே, அவள்தான். ஒருத்தி பாட, முப்பது பேர் அந்தப் பாட்டுக்குக் காலை இழுக்க, சோளமும் சேர்ந்து சர்க், சர்க் என்று சத்தம் போட்டது. லோடு ஏற்றப் போன நான் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். நான் வேலை நேரத்தில் வண்டியை அணைத்தது அதுதான் முதல் தடவை.

அன்றன்றைக்குக் காய்ந்த சோளத்தை மூட்டை கட்டினபிறகும் அவர்களுக்குக் கால் நிற்கவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் காலிக் களத்தில் வட்டம் கட்டிவிடுவார்கள். ஒன்று கவனித்தாயா? முன்பெல்லாம் நம் ஊரில் நம்ம தெருவுக்கு ஒரு வட்டம், அஞ்சலை தெருவுக்கு ஒரு வட்டம் என்று இரண்டாகத்தான் இருக்கும். ஏதோ ஒரு வருஷம் சில பேர் மட்டும் வீம்புக்குக் கலந்து ஆடுவார்கள், பிறகு மறுபடி இரண்டாகிவிடும். களத்தில் அப்படி இல்லை. ஒரே சோளத்தைப் பக்கத்து பக்கத்து வரியில் கிளறினவர்கள், கிளறின வரிசையிலேயே வட்டத்துக்கும் வந்துவிட்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. கால் முடிவு செய்தது. டீக்கடைக்காரர் தினமும் ஒரு தூக்கு டீயை அனுப்பி வைத்தார். பஸ் ஸ்டாப்பில் தையல் மெஷின் போட்டிருக்கிற பெண், முப்பது பேருக்கும் ஒரே மாதிரி ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். சேலை சோள மஞ்சள். நான் என் குட்டியானை வண்டியில் தண்ணீர் கேனும் மேளமும் ஏற்றி இறக்கினேன். ஊரே ஏதோ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தது.

உங்கம்மா மட்டும் ஆடவில்லை. வருவாள். எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு ஓரமாக வேப்பமரத்தடியில் உட்காருவாள். “வா புள்ள” என்று அஞ்சலை தினமும் ஒரு தடவை கூப்பிடுவாள். “எனக்கு மூட்டு வலி” என்று உங்கம்மா தினமும் ஒரே பதிலைச் சொல்வாள். மூட்டு வலிக்காரி அன்றைக்குக் காலையில்தான் இருபது நடை சோளம் கிளறியிருப்பாள். பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் அந்தப் பொய் என்பதை ஊர் மறந்துவிட்டது, இரண்டு பேருக்குத்தான் ஞாபகம். அஞ்சலைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது நடந்த இடத்தில் மூன்றாவது ஆளும் உண்டு. அந்த ஆளுக்கு அப்போது நாலு வயசு, என் தோளில் உட்கார்ந்திருந்தான். இந்தக் கடிதத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கிறான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மாரியம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் கோயில் முன்னால் கும்மி. கலந்து ஆடின வருஷங்களில் அது ஒன்று. நீ என் தோளில் உட்கார்ந்து கோன் ஐஸ் தின்றுகொண்டிருந்தாய், பாதி உன் வாயில், மீதி என் தலையில். நம் ஊர்க் கும்மி உனக்கே தெரியும். இரண்டடி முன்னால் போய் மூன்றாவது அடியில் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்து உள்ளங்கையோடு உள்ளங்கை அடிக்க வேண்டும். அதனால் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் நிற்பார்கள். உங்கம்மாவுக்கு ஜோடி அஞ்சலை. அந்த இரண்டு பேரும் ஆடினதைப் பார்க்கத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நீ மேலே உட்கார்ந்து சரியாக அந்த மூன்றாவது அடிக்குக் கை தட்டினாய். எனக்கு நெஞ்சு அரை அடி அகலமாயிற்று. அப்போது பங்காளி கோவிந்தராசு, உன் சித்தப்பன்தான், என் காதுக்குப் பக்கத்தில் வந்தான். “என்னண்ணே, அண்ணி ஆடுறதுக்கு டிக்கெட்டு போட்டுருவமா? நீ வண்டி ஓட்டவே வேணாம்போல” என்றான். சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தம்பி, நான் யார்? ஊரையே கிண்டல் செய்து பிழைக்கிறவன். பஞ்சாயத்துத் தலைவர் மூக்கிலிருந்து போஸ்ட்மேன் சைக்கிள் மணி வரைக்கும் எதையும் நான் விட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்கு அன்றைக்கு ஒரு கிண்டலைத் தாங்கத் தெம்பில்லாமல் போயிற்று. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டே வட்டத்துக்குள் போனேன். உங்கம்மா மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு வளையல் உடைந்தது. கை அடிக்கத் தூக்கின அஞ்சலையின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நீ வீறிட்டு அழுதாய். ஐஸ் கீழே விழுந்துவிட்டது, அதுக்குத்தான் பிள்ளை அழுகிறான் என்று எல்லோரிடமும் நான் சொன்னேன். உண்மையில் ஐஸ் உன் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து உங்கம்மா சண்டை போடவில்லை. அழவும் இல்லை. உனக்குச் சோறு ஊட்டினாள், எனக்குத் தட்டு வைத்தாள். தட்டை வைத்துவிட்டு, “இனிமே ஆடல. போதுமா” என்று மட்டும் சொன்னாள். நான் அப்போது ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றச் சொன்னேன். மறுநாள் சந்தையில் ஒரு டஜன் வளையல் வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் எந்தத் திருவிழாவிலும் கும்மிச் சத்தம் கேட்டதும் அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்ப்பாள். இருபத்திரண்டு வருஷம். இந்த வாயால் எதை எதையோ கிண்டல் செய்திருக்கிறேன், அந்தப் பாத்திரச் சத்தத்தை மட்டும் ஒரு நாளும் கிண்டல் செய்ய வாய் வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு அந்த வார்த்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது.

இப்போது அரியலூருக்கு வருகிறேன். அஞ்சலையின் மகள் எடுத்துப் போட்ட களத்து வீடியோவைப் பார்த்துவிட்டு, அரியலூரில் கலை விழா நடத்துகிற ஒரு சார் போன் செய்தார். வந்து ஆட முடியுமா என்று கேட்டார். அன்றைக்கு ஊரில் நடந்த அமர்க்களம் இருக்கிறதே, தேர்தலுக்குக்கூட அப்படி நடந்ததில்லை. ஒரு மினி பஸ் பேசி எல்லோரும் கிளம்பினார்கள். மேளம், தண்ணீர், கட்டுச்சோறு எல்லாம் என் வண்டியில். உங்கம்மா என் பக்கத்தில் முன் சீட்டில், எல்லோருடைய பையையும் மடியிலும் காலடியிலும் அடுக்கிக்கொண்டு வந்தாள். சரசு மட்டும் வரவில்லை, மகளுக்குப் பிரசவம். அவள்தான் அப்போது அஞ்சலைக்கு ஜோடி. போகிற வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்களுக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. “உங்க மூஞ்சிக்குப் பவுடர் இலவசம்” என்று நான் மினி பஸ்ஸைப் பார்த்துக் கத்தினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் பாட்டு வரி மறந்துபோகாமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

அங்கே போனால் பெரிய மேடை, மேலே சிவப்புக் கம்பளம். எங்களுக்கு முன்னால் ஆடின பெண்கள் எல்லாம் சலங்கை கட்டி, ஒரே மாதிரி கொண்டை போட்டு, படத்தில் வருவது மாதிரி இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் மைக் பிடித்திருந்த சார் வந்தார். “குழுப் பேரு என்னம்மா?” என்று கேட்டார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பெயர் வைக்கவே இல்லை. “சோளம் கெளறுறவங்கன்னு சொல்லுங்க சார்” என்றாள் அஞ்சலை. சார் சிரித்துக்கொண்டே, “சரிம்மா. மேடையில எடம் பத்தாது, ஒரு பன்னெண்டு பேரு மட்டும் மேல வாங்க” என்றார். “மீதிப் பேரு என்ன சார், பார்சலா?” என்றாள் அவள். இருந்தாலும் வந்த இடத்தில் என்ன செய்வது என்று பன்னிரண்டு பேர் ஏறினார்கள்.

ஏறினார்களா, பாட்டு ஆரம்பித்ததா, இவர்கள் பழக்கத்தில் குதிகாலை ஊன்றி முன்பாதத்தை இழுத்தார்கள். கம்பளம் கூடவே வந்தது. ஒரு சுற்று முடிவதற்குள் மேடை முழுக்க இருந்த கம்பளம் சோளக்குவியல் மாதிரி ஒரு மூலையில் சுருண்டு போய்க் கிடந்தது. ஒருத்தி தடுக்கி இன்னொருத்தி மேல் விழுந்தாள். கூட்டம் மொத்தமும் சிரித்தது. நான்கூட வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன், தம்பி. இரண்டு பையன்கள் ஓடிவந்து கம்பளத்தை விரித்தார்கள். திரும்ப ஆடினார்கள், திரும்பச் சுருண்டது. பாட்டு நின்றது. எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே நின்ற பதினேழு பேரில் பாதிப்பேர் அப்போதே பஸ்ஸைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். இத்தோடு களமும் வேண்டாம், கும்மியும் வேண்டாம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அஞ்சலை மைக்கை வாங்கினாள். “சார், ஒங்க கம்பளம் ரொம்ப நல்ல கம்பளம். அது எங்களுக்கு ஆவாது. எங்களுக்கு வெறுந்தரை குடுங்க, மொத்தப் பேரும் ஆடுறோம்” என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் இறங்கினாள். மேடைக்கு முன்னால் சரளை மண் பரப்பின தரை. எல்லோரும் வட்டம் கட்டினார்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது. சரசு வராததால் அஞ்சலைக்குக் கை அடிக்க ஆள் இல்லை.

அஞ்சலை யாரையும் கூப்பிடவில்லை. அவள் சும்மா கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பை அடுக்கி வைத்திருந்த பக்கமாகப் பார்த்தாள். அதே கை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்ற அதே கை. உங்கம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னிடம் கேட்டாள் என்று நினைக்காதே, அவள் கேட்கிற ஆள் இல்லை. இந்த ஆளு இன்றைக்கு என்ன செய்வான், பார்ப்போம் என்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கிறாய்? கோவிந்தராசு. வாயைத் திறக்கிற ஆள்தானே அவன். அவன் திறப்பதற்குள் நான் திறந்தேன். “போ புள்ள. பையை நான் பாத்துக்குறேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். ஏழாம் வகுப்பு படித்தவனுக்கு அதற்கு மேல் வரவில்லை. “பாத்துக்குவீங்களா?” என்று கேட்டாள். “ஒரு பை கொறைஞ்சா என் தோலை உரிச்சுப் பை தைச்சுக்க” என்றேன். சேலையை இழுத்துச் செருகினாள். சோள மஞ்சள்கூட இல்லை, அன்றைக்குக் கட்டியிருந்தது ஒரு பழைய நீலம். நேராகப் போனாள். அந்தரத்தில் நின்ற கையில் பளீரென்று ஒரு அடி அடித்தாள் பார், அந்தச் சத்தம் கேட்டு மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இந்த நோட்டு பத்தாது. முப்பது பேர் ஒரே இழுப்பாகக் காலை இழுக்க, சரளை மண் சர்க், சர்க் என்று பேசியது. மேளம் எதற்கு என்று மேளக்காரரே கையைக் கட்டிக்கொண்டார். மைக் சார் தரையில் மண்டி போட்டு மைக்கை அவர்கள் பாதத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கால் சத்தம் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. சிரித்த கூட்டம் எழுந்து நின்றது. எழுந்து நின்ற கூட்டம் உள்ளே வந்தது. சலங்கை கட்டின பெண்கள் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, “அக்கா, அந்தக் கால் எப்படிக்கா இழுக்குறீங்க?” என்று கேட்டுக்கொண்டே சேர்ந்தார்கள். ஒரு வட்டம் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. நடுவில் உங்கம்மா. அஞ்சலை அந்த இடத்திலேயே கட்டி ஒரு பாட்டு எடுத்துவிட்டாள்.

களத்துச் சோளம் காஞ்சாச்சு
கட்டுன மாமன் ஓஞ்சாச்சு
பையும் செருப்பும் காவல் காக்கப்
பரிசம் போட்டு வந்தாச்சு

மூவாயிரம் கண் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் முப்பது பையை மடியிலும் தோளிலும் கழுத்திலும் மாட்டிக்கொண்டு திருவிழாக் கடை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். ஊரைச் சிரிக்க வைத்த எனக்கு, என்னை வைத்து ஊர் சிரித்தபோது இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அதுவரைக்கும் தெரியாது. கோவிந்தராசு பாதிப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். “அண்ணே, எண்ணிட்டியா? ஒண்ணு கொறைஞ்சா அண்ணி என்னையும் சேர்த்து உரிச்சுப்புடும்” என்றான். அன்றிலிருந்து எங்கே ஆடப் போனாலும் பை வரிசையில் இரண்டாவது நாற்காலி அவனுடையது.

பரிசு எங்களுக்கு வரவில்லை. சலங்கைக் குழுவுக்குப் போனது. நியாயம்தான், அவர்கள் கம்பளத்தைச் சுருட்டாமல் ஆடினார்கள். ஆனால் கூட்டம் எங்களை விடவில்லை, மூன்று தடவை ஆட வைத்தது. திரும்பி வரும்போதும் உங்கம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். செந்துறை தாண்டினபிறகு, “பையெல்லாம் சரியா இருந்துச்சா?” என்றாள். “ஒண்ணும் கொறையல” என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “அந்த வளையல் ரெண்டும் பச்சைக் கலரு. ஞாபகம் இருக்கா?” என்றாள். “இருக்கு” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் உள்ளங்கையை மட்டும் மடியில் திருப்பி வைத்து வைத்துப் பார்த்தாள். சிவந்திருந்தது. எனக்கும் வண்டிக்கும் அன்றைக்கு இருமலே வரவில்லை.

அதற்கப்புறம் உடையார்பாளையத்தில் கூப்பிட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள், எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று டவுன் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். மகளுக்குப் பிள்ளை பிறந்து சரசும் திரும்பி வந்தாள். இங்கேதான் சிக்கல். முதலில் முப்பது, உங்கம்மாவைச் சேர்த்து முப்பத்தொன்று. ஒற்றைப்படை. அஞ்சலை உங்கம்மாவை விடமாட்டேன் என்கிறாள். சரசு ஜோடி இல்லாமல் நின்றாள்.

இப்போது சொல்லப்போவதை உட்கார்ந்து படி. அரியலூர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு பெண் உங்கம்மாவுக்குப் போன் செய்தாள். “அத்தை, நானும் வரலாமா?” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலத்தியூரிலிருந்து அவள் அப்பா வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். தர்ஷினிதான். உன் தர்ஷினிதான். அடுத்த மாதம் நீ தாலி கட்டப்போகிற பெண். அன்றைக்கு முதல் சுற்றில் காலை ஒரேயடியாகத் தூக்கித் தூக்கி வைத்தாள். “பாப்பா, சாணியை மிதிச்ச மாதிரி தூக்காத. சோளம் எப்புடித் திரும்பும்?” என்று அஞ்சலை அதட்டினாள். அடுத்த வாரம் இழுத்தாள். அதற்கடுத்த வாரம் சரசோடு கை அடித்தாள். முப்பத்திரண்டு. சம்பந்தி சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், கொத்து வேலையும் தெரிந்தவர். களத்தில் ஒரு குழி இருந்து பெண்களுக்கு விரல் தடுக்குகிறது என்று பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் கரணையும் கையுமாக வந்து குந்தி உட்கார்ந்தார். “எத்தனையோ ஊருக்கு சிமெண்டு ஏத்திட்டுப் போயிருக்கேன் சம்பந்தி. ஆடுறதுக்குன்னு பூசுறது இதான் மொதோ தடவ” என்று சொல்லிக்கொண்டே பூசினார். ஆலத்தியூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாயே, இதுதான் நினைக்கிறார்கள். தினமும் ராத்திரி உன்னோடு மணிக்கணக்கில் பேசுகிற பெண் இதை ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. கல்யாணத்தன்று உன்னை அசத்தலாம் என்று வைத்திருந்தாள். அதற்குள் நீ ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னதை அவளிடம் அதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டாய். “எனக்குச் சொல்ல வரல மாமா. நீங்களே எழுதிருங்க” என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்கு அந்த உடைசல் சத்தம் தெரியும், பச்சைக் கலர்.

அதனால் கேட்டுக்கொள். புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, தப்பு செய்த அனுபவம் இருக்கிறது. ஊர் சிரிக்குமே என்று நீ பயப்படுகிறாய். சிரிக்கும், நானே முதல் ஆளாகச் சிரிப்பேன். யாராவது ஒருத்தன் உன் காதுக்குப் பக்கத்தில் வந்து ஒன்று சொல்லத்தான் செய்வான். அது உன் மேனேஜராகவும் இருக்கலாம். சொன்னதும் உடம்பு சூடாகும். அந்த ஒரு நொடிதான் தம்பி எல்லாம். அந்த நொடியில் நான் ஒரு கையைப் பிடித்து இழுத்தேன், அதைத் திரும்ப விடுவதற்கு எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. நீ அவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டாம். குறுக்கு வழி நான் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கையை நீட்டிப் பையை வாங்கிக்கொள்.

மண்டபத்தில் எல்லாம் சொல்லியாயிற்று. முதல் பந்தி முடிந்ததும் மேடைக்கு முன்னால் விரித்திருக்கிற கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆட்களே சுருட்டிவிடுவார்கள். உங்கம்மாவும் அஞ்சலையும் வட்டம் கட்டுவார்கள். அப்போது தர்ஷினி மேடையிலிருந்து இறங்குவாள். இறங்குவதற்கு முன்னால் தன் கைப்பையையும் போனையும் உன் பக்கம் நீட்டுவாள். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், ஒரு பார்வை மட்டும் பார்ப்பாள். என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும், மேலே எழுதியிருக்கிறேன். மறந்துபோனால் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள், பொத்தான் போட முடிகிறதோ இல்லையோ, பை இருக்கும் அல்லவா.

உங்கம்மாவிடம் நீ சொன்ன எதையும் நான் சொல்லவில்லை. உனக்குப் பசித்தது, அவ்வளவுதான். அது அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளை நாற்காலி உனக்கு மேடையில் இருக்கிறது, அதில் ஆட்டம் தெரியாது. கீழே பை வரிசையில் எனக்கும் கோவிந்தராசுக்கும் நடுவில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். மடியைக் காலியாக வைத்துக்கொண்டு வந்து உட்கார்.

முப்பத்தொரு பைக்கும் காவலாளியாக இருக்கிற,
உன் அப்பா